காற்றுக்கும் கணக்கு எழுதும் ஊர்



சென்ற மாதம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாலை நேரம். கோயில் திடலுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், அவருடைய பேரன், இன்னும் இரண்டு மூன்று பேர். பேரன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறவன். கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, "தாத்தா, மனுசங்க செவ்வாய்க் கிரகத்துக்குப் போயி அங்கயே குடியிருக்கப் போறாங்களாம்" என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"அங்க காத்து எப்படி? தண்ணி கிடைக்குமா? மண்ணு வெளையிற மண்ணா? சீக்கு வந்தா யாரு பாக்கிறது? பிடிக்கலேன்னா திரும்பி வரலாமா?"

பையன் விழித்தான். பெரியவரே மேலும் சொன்னார்: "எங்கப்பா நாகப்பட்டினத்தில கப்பல் ஏறினப்போ இதுல ஒண்ணையும் கேக்கல. ஏறிட்டாரு. அதனாலதான் நான் கேக்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பெரிய பெரிய விஞ்ஞானிகள் இன்றைக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பதும் இதே ஐந்து கேள்விகளுக்காகத்தான். ராக்கெட் விட்டால் போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்த பிறகு பிழைத்திருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அன்று அந்தப் பெரியவரிடம் நான் கொஞ்சம்தான் சொன்னேன். மீதியை இந்த மாதம் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் தூரம்

செவ்வாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடிகாலையில் பெரட்டுக்குப் போகும்போது, சில மாதங்களில், வானத்தில் சிவப்பாக மினுங்காமல் நிற்குமே, அதுதான். பார்க்கப் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். பூமிக்கு மிக அருகில் வரும்போதே சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர். விலகிப் போகும்போது 40 கோடி கிலோமீட்டர்.

1969 முதல் 1972 வரை 12 பேர் நிலவில் நடந்தார்கள். அவர்களில் அதிக நாள் தங்கியவர்கள்கூட அங்கே இருந்தது மூன்று நாள்தான். செவ்வாயோ நிலவைப்போல் 140 மடங்குக்கு மேல் தூரம். ஒரு வழிப் பயணத்துக்கே ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். 1976இல் அமெரிக்காவின் வைக்கிங் இயந்திரம் அங்கே இறங்கியதிலிருந்து பல இயந்திரங்கள் போய்விட்டன. ஆனால் பத்திரமாக இறங்கிய எதுவும் ஏறக்குறைய ஒரு டன் எடையைத் தாண்டியதில்லை. மனிதர்கள் வீடு வாசல், சாப்பாட்டுச் சாமான்களோடு இறங்க 20 டன்னுக்கு மேல் இறக்க வேண்டும். அங்கே காற்று மெலிந்து கிடப்பதால் பாராசூட் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்காது.

சரி, எப்படியோ இறங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம்.

காத்து எப்படி?

செவ்வாயின் காற்றில் 100க்கு 95 பங்கு கரியமில வாயு. நாம் சுவாசிக்கும் பிராணவாயு 100இல் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காற்றும் பூமியின் காற்றழுத்தத்தில் 100இல் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தத்தில்தான் இருக்கிறது. கவச உடை இல்லாமல் வாசலைத் திறந்து வெளியே வந்தால் கால் நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். குளிரோ, சராசரியாகச் சுழியத்துக்குக் கீழே 60 பாகை செல்சியஸ். கேமரன் மலைக்கே நாம் போர்வை கொண்டு போகிறோம்!

ஆகவே காற்றை அங்கே தயாரிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் என்ற ஊர்தியில் 'மோக்ஸி' என்ற சிறு பெட்டி ஒன்று இருந்தது. செவ்வாயின் கரியமில வாயுவை இழுத்து, சூடாக்கி, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுத்தது. 2023 வரை 16 தடவை அதை ஓட்டிப் பார்த்தார்கள். மொத்தம் கிடைத்தது 122 கிராம்.

ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் பிராணவாயு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேலாக விட்டு விட்டு ஓட்டிச் சேர்ந்த காற்று, ஓர் ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும்.

இதைக் குறைவாக எண்ணிவிடக்கூடாது. வேற்றுக் கிரகத்தில் மனிதன் மூச்சுக் காற்றைத் தயாரித்தது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. முடியும் என்று தெரிந்துவிட்டது. பெட்டியைப் பெரிதாகச் செய்யலாம். ஆனால் அது இரவும் பகலும் ஓட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். 2018இல் செவ்வாய் முழுவதையும் மூடிய புழுதிப் புயல் ஒன்று வந்தது. சூரிய ஒளியால் 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய 'ஆப்பர்ச்சுனிட்டி' என்ற ஊர்தி அந்த இருட்டில் அடங்கியதுதான், பிறகு பேசவே இல்லை. நம் லயத்தில் கரண்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அங்கே கரண்ட் போனால் மூச்சும் போய்விடும்.

தண்ணி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஆறாக ஓடாது. துருவப் பக்கங்களிலும் மண்ணுக்கு அடியிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. 2008இல் பீனிக்ஸ் என்ற இயந்திரம் மண்ணைச் சுரண்டியபோது சில அங்குல ஆழத்திலேயே வெள்ளைப் பனிக்கட்டி தெரிந்தது. அதைத் தோண்டி, உருக்கி, வடிகட்ட வேண்டும்.

அதுவரை குடித்த தண்ணீரையேதான் திரும்பத் திரும்பக் குடிக்க வேண்டும். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் வீரர்களின் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து மீண்டும் குடிநீராக்குகிறார்கள். 2023இல் 100க்கு 98 பங்கு தண்ணீரை மீட்டுக் காட்டினார்கள். முகம் சுளிக்காதீர்கள். மழையும் ஆறும் மண்ணும் நமக்காக இதே வேலையைத்தான் காலம் காலமாகச் செய்கின்றன. நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மண்ணு வெளையிற மண்ணா?

இந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செவ்வாய் மண் வெறும் கல்லின் பொடி. இலைதழை மக்கியதில்லை, மண்புழு இல்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இல்லை. போதாததற்கு, பெர்குளோரேட் என்ற உப்பு அதில் கலந்திருப்பதையும் பீனிக்ஸ் கண்டுபிடித்தது. அது உடம்பில் சேர்ந்தால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும். அந்த உப்பைக் கழுவி எடுத்து, உரம் சேர்த்து, கண்ணாடிக் கூடாரத்துக்குள் பயிர் வைக்கலாம் என்கிறார்கள்.

அப்படி ஒரு கூடாரத்தைப் பூமியிலேயே கட்டி ஒத்திகை பார்த்திருக்கிறார்கள், தெரியுமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஒராக்கல் என்ற சிற்றூருக்கு அருகே, மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தைக் கண்ணாடியாலும் இரும்பாலும் மூடினார்கள். பெயர் 'பயோஸ்பியர் 2'. உயிர்கள் வாழும் கோளம் நம்பர் 2 என்று பொருள். அப்படியானால் நம்பர் 1 எது? நாம் குடியிருக்கும் பூமிதான்.

உள்ளே ஒரு சிறு மழைக்காடு, பவழப்பாறையோடு ஒரு குட்டிக் கடல், ஒரு சதுப்புநிலம், புல்வெளி, பாலைவனம், ஏறக்குறைய அரை ஏக்கரில் விவசாய நிலம். ஆடு, கோழி, பன்றி, மீன் எல்லாம் உண்டு. 1991 செப்டம்பர் 26ஆம் தேதி நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போனார்கள். கதவு அடைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு வெளியே வரக்கூடாது. வெளிக் காற்றும் சாப்பாடும் உள்ளே போகக்கூடாது. வேற்றுக் கிரகத்தில் குடியிருப்பது இப்படித்தான் இருக்கும் என்பது எண்ணம்.

படித்த ஆட்கள், பணத்துக்கும் குறைவில்லை. என்ன நடந்தது?

முதலில் வயிறு காய்ந்தது. அரை ஏக்கரில் எட்டுப் பேர் பிழைக்க வேண்டும். நெல் போட்டார்கள், வாழை வைத்தார்கள், நிலக்கடலை, பீட்ரூட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பயிரிட்டார்கள். உருளைக்கிழங்கைச் சிலந்திப்பூச்சி தின்றது. விஷ மருந்து அடிக்க முடியாது. அடித்தால் அந்த மருந்தையேதானே இவர்களும் சுவாசிக்க வேண்டும்? ஆகவே சர்க்கரைவள்ளியே கதி. தின்று தின்று தோலே மஞ்சள் பாரித்துப் போயிற்று! நாள்தோறும் பல மணி நேரம் கொத்தி, களை பறித்து, ஆட்டுக்குத் தழை போட்டும் வயிறு நிறையவில்லை. ஒவ்வொருவரும் சராசரியாக உடம்பில் ஆறில் ஒரு பங்கு இளைத்தார்கள். பூவுக்குப் பூ மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் செத்துப்போயின. எறும்பும் கரப்பானும் பெருத்துப் போயின.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. உள்ளே இருந்தவர்களுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. இரவில் மூச்சுத் திணறி விழித்துக்கொண்டார்கள். அளந்து பார்த்தால் காற்றில் பிராணவாயு குறைந்துகொண்டே வருகிறது! 100க்கு 21 பங்கு இருக்க வேண்டியது, 16 மாதத்தில் 14 பங்குச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. கினபாலு மலையின் உச்சியில் நிற்பதுபோன்ற நிலை. அதோடு மண்வெட்டி பிடித்து வேலையும் செய்ய வேண்டும்.

கண்ணாடியில் ஓட்டை இல்லை. எட்டுப் பேர் சுவாசிக்கும் அளவும் கணக்கில் உண்டு. பிராணவாயுவைத் திருடியது யார்?

மண்தான்! நன்றாக விளைய வேண்டும் என்று தழை மக்கிய கொழுத்த மண்ணைக் கொட்டியிருந்தார்கள். அந்த மண்ணில் வாழும் கோடானுகோடி கிருமிகளும் மூச்சு விடுகின்றனவே! செடிகள் தரும் பிராணவாயுவைவிட அவை இழுத்தது அதிகம். அப்படியானால் அவை வெளியேவிட்ட கரியமில வாயு பெருகியிருக்க வேண்டுமே? அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஏன்? கட்டடத்தின் சிமெண்டுச் சுவர்கள் அதை மெல்ல மெல்ல உறிஞ்சிச் சுண்ணாம்பாக்கிக்கொண்டிருந்தன. சுவருக்குள் போன வாயு செடிக்குத் திரும்பவில்லை. செடிக்குப் போகாததால் பிராணவாயுவாக மாறி மனிதனுக்கும் திரும்பவில்லை.

மண்ணுக்கும் கணக்கு, சுவருக்கும் கணக்கு! தோட்டத்துக் கிராணி செக்ரோல் எழுதுவதுபோல் ஒவ்வொரு மூச்சுக்கும் பேர் போட்டு எழுத வேண்டியிருந்தது. இரண்டு வரி விட்டுப்போனதால் எட்டு உயிருக்கு ஆபத்து வந்தது. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து பிராணவாயுவை லாரியில் கொண்டுவந்து உள்ளே செலுத்தினார்கள். அதன் பிறகே நிம்மதியாக மூச்சுவிட்டு, 1993 செப்டம்பர் 26ஆம் தேதி எட்டுப் பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

வாசகர்களே, நன்றாகக் கவனியுங்கள். அவர்களுக்கு லாரி வந்தது. செவ்வாய்க்கு எந்த லாரி வரும்?

சிலர் இதைத் தோல்வி என்று கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே ஒத்திகை? இன்று அந்த இடம் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமாக இருக்கிறது.

சீக்கு வந்தா யாரு பாக்கிறது?

அதே கண்ணாடிக் கூடாரத்தில், உள்ளே போய் இரண்டு வாரம் ஆவதற்குள் ஒரு பெண்ணின் விரல் நுனி தானியம் அடிக்கும் இயந்திரத்தில் மாட்டி அறுந்தது. கதவைத் திறந்து, வெளியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பினார்கள். கதவுக்கு வெளியே பூமி இருந்தது, ஆகவே முடிந்தது.

1961இல் தென்துருவக் கண்டத்தில் ஒரு சோவியத் முகாம். அங்கிருந்த ஒரே டாக்டர் 27 வயது லியோனிட் ரோகசோவ். அவருக்கே குடல்வால் வீங்கிவிட்டது. பனிப்புயலால் விமானம் வர முடியாது. என்ன செய்தார் தெரியுமா? மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டு, தன் வயிற்றைத் தானே கீறி, குடல்வாலை வெட்டி எடுத்தார். பிழைத்தும் எழுந்தார். செவ்வாய்க்குப் போகிறவர்கள் இப்படிப்பட்ட நிலைமைக்குத் தயாராக இருக்க வேண்டும். பூமியிலுள்ள டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்பீர்கள். அங்கிருந்து ஒரு சொல் இங்கே வந்து சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் போய்ச் சேர அதே அளவு. "ரத்தம் நிற்கவில்லை, என்ன செய்வது?" என்று கேட்டுவிட்டு முக்கால் மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டிவரும்.

சாதாரணமாக இருந்தாலும் உடம்பு கெடும். பயணத்தில் எடையில்லாமல் மிதப்பதால் மாதத்துக்கு 100இல் ஒன்று, ஒன்றரைப் பங்கு எலும்பு கரைகிறது. தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்துதான் அதைச் சமாளிக்கிறார்கள். விண்வெளிக் கதிர்வீச்சோ, போகவர மட்டுமே, பூமியில் ஓராண்டில் சாதாரணமாக நம்மீது படுவதைப்போல் 200 மடங்குக்கு மேல். ஆகவே அங்கே வீட்டை மண்ணுக்கு அடியில்தான் கட்ட வேண்டும். சன்னல் திறந்து காற்று வாங்குவது, வாசலில் பாய் போட்டுப் படுப்பது எல்லாம் கனவுதான்.

மனசும் ஒரு பெரிய விஷயம். கண்ணாடிக் கூடாரத்தில் எட்டுப் பேரும் நாலு நாலாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலைக்கு வந்தார்கள். ஆனாலும் ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லாருக்கும் பட்டினி என்று தெரியும். 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை மாஸ்கோவில் ஆறு ஆண்களை 520 நாள் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். சண்டையில்லை. ஆனால் சிலருக்கு இரவு பகல் தெரியாமல் தூக்கம் தாறுமாறாகிவிட்டது. 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை ஹூஸ்டனில் நான்கு பேர் 378 நாள் செவ்வாய் வீடு போன்ற ஒன்றில் இருந்து காட்டினார்கள். ஒத்திகை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

திரும்பி வரலாமா?

2007 அக்டோபரில் நம் நாட்டு டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் விண்வெளி நிலையத்துக்குப் போய்ப் பதினோரு நாளில் திரும்பினார். 2024 ஜூனில் சுனிதா வில்லியம்சும் புட்ச் வில்மோரும் அதே நிலையத்துக்கு எட்டு நாள் வேலையாகப் போனார்கள். போன கலத்தில் கோளாறு. திரும்பியது 2025 மார்ச்சில், 286 நாள் கழித்து! இத்தனைக்கும் அந்த நிலையம் நம் தலைக்குமேல் சுமார் 400 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூட.

செவ்வாயும் பூமியும் தோதாக நெருங்குவது 26 மாதத்துக்கு ஒரு தடவைதான். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது 26 மாதம் கழித்து. அம்மா இறந்த செய்தி வந்தாலும் எடுப்புக்கு வர முடியாது. கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகளுக்கு இந்த வலி தெரியும். ஊரிலிருந்து கடிதம் வருவதற்குள் கருமாதியும் முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் இறங்கிய கரையில் காற்று இருந்தது, மழை இருந்தது, குச்சியை நட்டாலும் வேர்விடும் மண் இருந்தது. அதற்குக் கணக்கு எழுத ஆள் தேவைப்படவில்லை.

அப்படியானால் போகவே வேண்டாமா? அப்படிச் சொல்ல நான் யார்? மனிதன் போவான். இன்றில்லாவிட்டால் ஒரு நாள் போவான். ஆனால் அந்தப் பெரியவர் கேட்டதுபோல் கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஆள் சேர்க்கிறவன் பேச்சை மட்டும் நம்பி ஏறக்கூடாது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. செவ்வாய்க்குப் போக விமானம் ஓட்டத் தெரிந்தவர் மட்டும் போதாது. செடியின் இலையைப் பார்த்தே நோய் சொல்கிறவர், குழாய் ஒட்டுகிறவர், இயந்திரத்தைப் பிரித்து மாட்டுகிறவர், காயத்துக்குத் தையல் போடுகிறவர் எல்லாரும் வேண்டும். கண்ணாடிக் கூடாரத்தில் எட்டுப் பேரையும் காப்பாற்றியது பெரும்பாலும் இந்த வேலைகள்தான். உங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் செய்கிற வேலையைச் சின்ன வேலை என்று எண்ணாதீர்கள். அதோடு விஞ்ஞானத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

அன்று கடையில் நான் சொன்னதையெல்லாம் பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பேரனிடம் சொன்னார்:

"காத்தும் தண்ணியும் காசு கொடுத்து வாங்கினாதான் அதோட அருமை தெரியும்போல. வா ஐயா, நம்ம கொய்யாக் கன்னுக்குத் தண்ணி ஊத்தணும்."